பஸ் ஏறாத பண்டங்கள்: குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, குலசேகரம்

கோயம்புத்தூரில் எங்கள் தெருமுனையில் ஓர் இயற்கை அங்காடி இருக்கிறது. ‘கன்னியாகுமரி மட்டி வந்துள்ளது’ என்று அவ்வப்போது வாசலில் பலகை வைப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தோல் கறுத்து, நுனி கசிந்த ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். “இதை மட்டின்னு சொன்னா மட்டிக்கே கோவம் வரும். மாசி முடியதுக்குள்ள இங்க வா” என்றாள். வந்துவிட்டேன். இந்த வாரம் முழுக்க, இங்கே விளைவதை இங்கேயே சாப்பிடுவது ஒன்றுதான் வேலை. தின்றதை அன்றன்றைக்கே எழுதிவிடுவதாக உத்தேசம்.

குலசேகரம் சின்ன ஊர்தான். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக பஸ். தக்கலை தாண்டியதும் தென்னையும் வாழையும் குறைந்து, ரப்பர் மரங்கள் கூட ஆரம்பிக்கின்றன. இலை உதிர்த்து முடித்த மரங்களில் புதுத்தளிர் செம்பழுப்பாகத் துளிர்த்திருக்கிறது. வெயில் சுள்ளென்று இருந்தாலும் மலைப்பக்கக் காற்று வருகிறது.

மதியச் சாப்பாடு வீட்டில். இலையில் வைத்தது ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தோழியின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். முதலில் சிரித்தார், பிறகு உற்சாகமாகிவிட்டார். தேங்காயும் தேங்காயெண்ணெயும் பின்னால் இருக்கும் விளையில், அதாவது தோப்பில், காய்த்தவை. சேனை அடுத்த வீட்டுக்காரர்கள் கொடுத்தது. பதிலுக்கு இங்கிருந்து முருங்கைக்காய் போயிருக்கிறது. எரிசேரிக் கூட்டுக்குப் போட்ட ஏத்தங்காய் (நேந்திரங்காய்) முக்குக் கடையில் வாங்கியது. மிளகு, வீட்டுப் பலாமரத்தில் படர்ந்திருக்கும் கொடியில் பறித்தது. கிராம்பு மாறாமலைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிற ஒருவர் கொண்டுவந்து தருவது. துவரம்பருப்பு, வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் வெளியிலிருந்து லாரியில் வந்தவை. “அப்ப அரிசி?” என்றேன். “அரிசி சாக்குல வருது மக்களே” என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு. நெல்லுக்குப் பேர்போன நாஞ்சில் நாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாக்கரிசியா? இதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

ஆக, இலையில் இருந்ததில் ஏறக்குறைய பாதி நடந்தே வந்தவை. மீதி லாரி ஏறி வந்தவை.

சாப்பிட்டு முடித்ததும் மட்டி. சுட்டுவிரல் நீளம்கூட இல்லை. தோலை உரித்தால் அவ்வளவு மெல்லிசு. புளிப்பே கிடையாது, மணம் முந்திக்கொண்டு வருகிறது. மட்டியிலும் செம்மட்டி, தேன்மட்டி என்று வகை உண்டு. குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுகிற பழம் இந்தப் பக்கம் இதுதான். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் குறியீடு கொடுத்ததால் தோல் தடித்துவிடவில்லையே! பழுத்த பிறகு ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் காயாகவே வெட்ட வேண்டும், அப்படி வெட்டினால் மணம் ஏறாது என்கிறார் அம்மா. எங்கள் தெருமுனைப் பழத்தின் கதை புரிந்தது.

சனி, மார்த்தாண்டம்

காலையில் புட்டு, சிறுபயறு, பப்படம், பழம். நான்கையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட வேண்டும். எனக்குப் பழத்தைப் பிசைய மனம் வரவில்லை, தனியாகத்தான் சாப்பிட்டேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தார்கள்.

தோழியின் அப்பாவுக்குத் தெரிந்த ஓர் அண்ணன் தேனீ வளர்க்கிறார். மார்த்தாண்டம் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெட்டிகளை வைத்திருந்தார். ரப்பர் பூவிலிருந்துதான் தேன் வருகிறது என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு தளிரை வளைத்துக் காட்டினார். மூன்று இலைகள் ஒன்றாகச் சேருகிற காம்பு நுனியில் சின்னச் சின்னப் புள்ளிகள், அதில் பளபளவென்று ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிக்கிறது! புதுத்தளிர் வந்து முற்றுவதற்குள், இந்த மாசி பங்குனியில்தான் இது சுரக்குமாம். அதற்காகவே பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக மாறுகிறார்கள்.

பெட்டியின் மேல்தட்டைத் திறந்து லேசாகப் புகை போட்டார். சட்டத்தை உருவியபோது கையில் கனம் தெரிந்தது. மெழுகு மூடியைக் கத்தியால் சீவிவிட்டு, நான்கு சட்டங்களை ஒரு டிரம்முக்குள் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினார். தேன் சுவரில் தெறித்து வழிந்தது. அடையை உடைக்காமல் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். ஈக்கள் மறுபடி அடை கட்டுகிற வேலை மிச்சம்.

இந்த ஊருக்கு இந்தத் தொழில் வந்த கதையும் சுவையானது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராம முன்னேற்றப் பயிற்சி மையம் நடத்தினார். ஏழை விவசாயிக்கு நிலம் இல்லாவிட்டாலும் ஒரு பெட்டி ஈ வளர்க்கலாமே என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாக ஈக்கள் செத்தன. பெட்டியை அடுப்பெரிக்கப் போட்டவர்களும் உண்டு என்றார் அண்ணன். மீண்டு வந்தவர்கள்தான் இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் அலர்ஜி போய்விடும் என்று கடைக்கடையாகச் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான நிரூபணம் எதுவும் கிடையாது. தேன் தேன்தான், சர்க்கரை சர்க்கரைதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த ஊர்த் தேனையும் நாக்கில் தடவக் கூடாது. உள்ளூர்த் தேனில் எனக்குப் பிடித்த நன்மை வேறு: எந்தத் தோட்டத்தில், யார் எடுத்தது என்று தெரிகிறது. பாகு கலந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை அதே ஆளிடம் போய்ச் சண்டை போடலாம்.

மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலைகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டான், ரசகதலி, பேயன், மட்டி. கோவையில் பழக்கடையில் இரண்டு வகைக்கு மேல் கண்ணில் படுவதில்லை. இங்கே எந்த வீட்டில் எதற்கு எந்தப் பழம் என்று கணக்கே இருக்கிறது. ஏத்தங்காயைக் காயவைத்துப் பொடித்துக் குழந்தைக்குக் கூழ், பழுத்தால் அவித்துப் பெரியவர்களுக்கு, காயாகவே சீவித் தேங்காயெண்ணெயில் போட்டால் சிப்ஸ். சிப்ஸ் மட்டும் எந்த பஸ்ஸிலும் ஏறும். வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு, தக்கலை

இன்று மீன் கிடையாது. குமரிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, எல்லோரும் தேவாலயத்துக்குப் போகிற நாள். “ஞாயித்துக்கெழம மீன் வித்தா அது சனிக்கெழம மீனு” என்றார் அம்மா. அதனால் இடிச்சக்கை துவரன். பலாப்பிஞ்சைத்தான் இங்கே இடிச்சக்கை என்கிறார்கள். வெட்டும்போது பிசின் ஒட்டாமலிருக்க கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய். அவித்து, இடித்து, தேங்காயும் சீரகமும் சேர்த்து வதக்கினால் வேறு கூட்டே வேண்டாம். ஒரு மரத்தில் அத்தனை பிஞ்சையும் விட்டால் பழம் சிறுத்துப்போகும், அதனால் சிலதைப் பறித்துத்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். எல்லோரும் மரவேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஆயிரம் பேர், தினமும் இலவசச் சாப்பாடு. பெரிய பெரிய ஊறுகாய்ச் சாடிகளைப் பார்த்தால் அடுப்படி எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை ஓடுகிறது. அத்தனை அரிசியும் தேங்காயும் காயும் பக்கத்து வயலிலும் விளையிலும் இருந்து வந்திருக்க வேண்டும். பந்தி அந்தணர்களுக்கு. நெல்லை விளைவித்துக் கொண்டுவந்து போட்டவர்கள் அதில் உட்காரவில்லை. வழிகாட்டி இதைச் சொல்வதில்லை.

திங்கள், குளச்சல்

விடியுமுன்னே கிளம்பினோம். முதல் நிறுத்தம் திங்கள்நகர் தாண்டி ஒரு பனைவிளை. பதநீரை இங்கே அக்கானி என்பார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் பாட்டா ஒருவர் அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்திலிருந்து இறங்கினார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தது. அது இல்லாவிட்டால் அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்க மனம் வரவில்லை, இனிப்போடு லேசான சுண்ணாம்புக் காரம், ஓலை வாசனை. சுண்ணாம்பு போட்டாலும் வெயில் ஏறினால் சுவை மாறிவிடும். பாட்டில் போட்டு விற்கும் பதநீரைக் குடித்திருக்கிறேன், இதற்கும் அதற்கும் உறவு இல்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை மரம் பாட்டா?”

“முன்ன நாப்பது. இப்ப பத்துக்கே மூச்சு வாங்குது.”

“பிள்ளைகள்?”

“ஒருத்தன் துபாய், ஒருத்தன் எலெக்ட்ரீசியன். ஏற வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

பாளையைத் தினமும் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் சுரப்பு நின்றுவிடும். காய்ச்சல், கல்யாணம், மழை என்று லீவு போட முடியாத வேலை. பாட்டாவின் மனைவி பின்னால் அக்கானியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நுரை அடங்கிக் கெட்டியானதும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாதுக்கள் இதில் கொஞ்சம் உண்டு. அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இங்கே கண் முன்னால் காய்ச்சியதை வாங்குவதில் ஒரு நன்மை உறுதி: சீனி கலந்த கருப்பட்டி கையில் வந்து சேராது.

குளச்சல் கடற்கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. 1741-இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம் இது. வெற்றித்தூண் நிற்கிறது. சண்டைக்கு வேர் மிளகு வியாபாரம். உள்ளூர்க் கொடியில் காய்த்ததற்காகக் கடல் கடந்து வந்து செத்திருக்கிறார்கள். தூணைப் பார்க்க யாரும் இல்லை, சாளையை (மத்தி மீனை)ச் சுற்றித்தான் கூட்டம். ஃபைபர் வள்ளத்திலிருந்து இறக்கிய மீன் கண் சிவக்காமல், செதிள் மினுங்கிக் கிடந்தது. நெத்தோலி, அயிலை, கணவாய் இருந்தும் அம்மா கேட்டது சாளை. விலை குறைவு, ருசி அதிகம். சின்ன மீனை உண்டு வாழும் பெரிய மீன்களில் சேருவது போலப் பாதரசம் இதில் அவ்வளவு சேராது, ஒமேகா 3 கொழுப்பு நிறைய. சாளையை இளக்காரமாகப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இதை யார் சொல்வது?

மீன் வாங்கியபின் சந்தைக்கு வந்தோம். அங்கே பார்த்த ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மீன்கார அக்கா ஒருவர் சருவத்தில் (வாயகன்ற பாத்திரத்தில்) கொண்டுவந்த மீனை விற்று முடித்தார். காசை எண்ணி முந்தானையில் முடிந்தார். நேரே எதிர் வரிசையில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) விற்பவரிடம் போய், பேரம் பேசி, அதே சருவத்தை அலசிக் கிழங்கால் நிரப்பிக்கொண்டு கடற்கரை பஸ்ஸில் ஏறினார். கிழங்குக்காரர் அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்த இன்னொரு மீன்காரரிடம் கொடுத்துவிட்டு நெத்தோலிப் பொதியோடு வந்து உட்கார்ந்தார். மலைக்குப் போக வேண்டிய மீன் மலைக்கு, கடலுக்குப் போக வேண்டிய கிழங்கு கடலுக்கு. காசு சந்தையை விட்டு வெளியே போகவேயில்லை. உள்ளூர்ப் பொருளாதாரம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது இவ்வளவுதான்.

ராத்திரி கிழங்கும் சாளைக் குழம்பும். மரச்சீனியை உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. வேகவைத்து நீரை வடிப்பதில் அது பெரும்பாலும் போய்விடும். அம்மாவிடம் சயனைடு கதை சொன்னேன். “கட்டு எறங்கணும்லா, அதுக்குத்தான் ஊத்துகது” என்றார். அப்புறம் தேங்காய், பூண்டு, சீரகம், பச்சைமிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு மசிப்பு. கிழங்கு வெறும் மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். அதைச் சாளை சரிக்கட்டிவிடுகிறது.

இத்தனைக்கும் மரச்சீனி இந்த மண்ணில் பிறந்தது இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள்தான் பஞ்சத்துக்கு உதவும் என்று முனைந்து பரப்பினார். கிராம்பு இந்தோனேசியத் தீவிலிருந்து, ரப்பர் அமேசானிலிருந்து, முந்திரி பிரேசிலிலிருந்து. பூர்வீகம் பார்த்தால் பாதிச் சமையல் காலியாகிவிடும். பக்கத்து மண்ணில், தெரிந்த கை விளைவித்தால் எனக்குப் போதும்.

செவ்வாய், பேச்சிப்பாறை

அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். இங்கிருந்து போகும் தண்ணீர்தான் கீழே நாஞ்சில் நாட்டுக்கு. வழியெல்லாம் ரப்பர், ஊடே இளமரங்களுக்கிடையில் அன்னாசி. தோழியின் அப்பா பேச ஆரம்பித்தார். அவருடைய விளையில் முன்பு மரச்சீனி, காச்சில் கிழங்கு, வாழை, மிளகு. பிறகு ரப்பர். “ரப்பரைத் திங்க முடியாதுதான். ஆனா இவ படிச்சது ரப்பர்ல” என்று மகளைக் காட்டினார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? உள்ளூர் உணவைப் பற்றி உபதேசம் செய்ய வருகிறவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது.

புதன், பூதப்பாண்டி

சாக்கரிசிக்கு விடை தேடி வந்தாயிற்று. கும்பப்பூ அறுவடை நடக்கிறது. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். வரப்பில் நின்ற விவசாயி நிறையப் பேர் போடுவது அம்பை 16 என்கிற நெல் ரகம் என்றார். கட்டிச்சம்பா போடுகிறவர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் போடுகிறார்கள்.

நெல் இருக்கிறது, ஆனால் வயல் சுருங்கிவிட்டது. வாழைக்கும் தென்னைக்கும் ஆள் கூலி குறைவு, வரவு கூடுதல். சாலையோரத்தில் இருந்தால் மனை. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாடு என்று பெருமையாகச் சொன்னாலும், அந்தக் காலத்திலேயே அது முழுசாகப் போதவில்லை. பர்மா அரிசி வந்துகொண்டிருந்தது. 1942-இல் பர்மா ஜப்பான் கையில் விழுந்து அரிசி நின்றபோது திருவிதாங்கூரே மரச்சீனியால்தான் பசி தாங்கியது. வெளியரிசியை நம்பியிருந்தவர்களுக்கு உள்ளூர்க் கிழங்கு கைகொடுத்தது என்று நான் சொன்னேன். “இப்ப கிழங்கு போடுற எடமும் ரப்பராச்சே, லாரி நின்னா என்ன செய்ய?” என்று அவர் கேட்டார். பெரிய வெள்ளம் வந்து சாலை அறுந்த நாட்களை நினைத்துத்தான் கேட்டார்.

கட்டிச்சம்பா ஐந்து கிலோ, களத்திலேயே குத்தியது கேட்டு வாங்கினேன். சாக்கரிசியை விட விலை அதிகம். உள்ளூர் என்றாலே மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மலிவாக இருப்பது சாளையும் கிழங்கும்தான்.

வர நினைக்கிறவர்களுக்கு: அக்கானிக்கும் ரப்பர் தேனுக்கும் மாசி, பங்குனி. சக்கைப்பழம் (பலாப்பழம்) தின்ன சித்திரைக்குப் பிறகு வாருங்கள். மட்டி எப்போதும் உண்டு. மீனுக்காக வருவதாக இருந்தால் விசைப்படகுத் தடைக்காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போதும் நாட்டுப்படகு மீன் வரும், கொஞ்சம் சீக்கிரம் எழுந்து போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.